தாளில் பி.ஈ. எழுதித் தேறிய மூத்த பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மூத்தவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவில் சிவில் வேலை பார்க்கும் தமிழர்களில், 2021 முடிவதற்குள் பி.ஈ. உரிமம் வாங்கிவிட்ட உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். ஊரில் வாங்கிய பி.இ. பட்டத்தைச் சொல்லவில்லை. இங்கே மாநில வாரியம் தரும் புரஃபஷனல் இன்ஜினியர் உரிமத்தைச் சொல்கிறேன். நான் அதைக் கம்ப்யூட்டரில் தேர்வு எழுதி வாங்கியவர்களில் ஒருவன். இப்போது ஹூஸ்டனில் இந்தத் தேர்வுக்குப் படிக்கிற இளையவர்கள் சிலரோடு வாரக்கடைசியில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறேன். அவர்களில் அநேகமாக எல்லோருக்கும் உங்களைப் போன்ற ஒருவர் ஆபீசிலோ தமிழ்ச் சங்கத்திலோ வழிகாட்டியாக இருக்கிறார். நீங்கள் சொல்வதை அவர்கள் வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். அந்த மரியாதை எனக்கும் உண்டு. அதனால்தான் சுற்றி வளைக்காமல் கேட்கிறேன்: பொறியியலை நீங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆனால் தேர்வை எப்படி எழுதுவது என்பதை மட்டும் உங்கள் ஞாபகத்திலிருந்து சொல்லாதீர்கள். நீங்கள் எழுதிய தேர்வு இப்போது நடப்பதில்லை.

சக்கரம் வைத்த பெட்டி நிறையப் புத்தகங்களை இழுத்துக்கொண்டு போய், பெரிய ஹாலில் மேசை முழுக்கப் பரப்பி, ஓரத்தில் ஒட்டிய வண்ணத் தாவல்களைப் பிடித்துப் பக்கம் புரட்டி எழுதியவர்கள் நீங்கள். தேர்வை நடத்தும் என்.சி.இ.இ.எஸ். அமைப்பு கொடுத்த மெக்கானிக்கல் பென்சிலை இன்னும் மேசையில் வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். சிவில் பிரிவில் அப்படி நடந்த கடைசித் தேர்வு 2021 அக்டோபரில். 2022 ஜனவரியிலிருந்து எல்லாம் பியர்சன் வ்யூ தேர்வு மையத்தில், கம்ப்யூட்டரில். பி.ஈ.-க்கு முன்னால் எழுதும் அடிப்படைத் தேர்வான எஃப்.ஈ. அதற்கு வெகு முன்பே, 2014-லேயே மாறிவிட்டது. ஏப்ரல், அக்டோபர் என்று காத்திருக்க வேண்டியதில்லை. வருஷம் முழுக்க நாள் கிடைக்கிறது. முடிவும் ஏழிலிருந்து பத்து நாளில் வந்துவிடுகிறது.

இதெல்லாம் உங்களுக்கும் மேலோட்டமாகத் தெரிந்திருக்கும். ஆனால் என் கண்ணில் படுவது வேறு. போன வருஷம் எங்களோடு படிக்க வந்த ஒரு தம்பி கையில் நாலு அங்குலத் தடிமனில் ஒரு பைண்டர் இருந்தது. அவன் ஆபீசில் பெரியவர் ஒருவர் ஆசையாகக் கொடுத்தது. தீர்த்த கணக்குகள், கையால் எழுதிய சூத்திரத் தாள்கள், உள்ளடக்க அட்டவணை என்று அவ்வளவு உழைப்பு அதில். தம்பி தினமும் வேலை முடிந்து வந்து அதற்கு மேலும் தாவல் ஒட்டிக்கொண்டிருந்தான். தேர்வு அறைக்குள் அதில் ஒரு தாளைக்கூட எடுத்துப்போக முடியாது. அந்தக் கணக்குகளைப் போட்டுப் பார்த்தால் லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் பைண்டரை அடுக்கிய நேரம் முழுக்க வீண். தேர்வுத் திரையிலேயே தரும் சூத்திரக் கையேடான ஹேண்ட்புக்கைத் திறந்து பழக வேண்டிய நேரம் அது.

அறைக்குள் ஒருவருக்குக் கிடைப்பது இவ்வளவுதான்: ஒரு திரை, அதில் ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பி.ஈ. சிவில் ரெஃபரன்ஸ் ஹேண்ட்புக், அந்தந்தப் பிரிவுக்கான ஸ்டாண்டர்டுகள், அதாவது வடிவமைப்பு விதி நூல்கள். எழுதிப் பார்க்க அழித்து எழுதும் ஒரு நோட்டும் மார்க்கரும். அனுமதித்த கால்குலேட்டர். (ஊரில் யுனிவர்சிட்டி தேர்வுக்கு எடுத்துப்போன காசியோ எஃப்.எக்ஸ். 991 வகையே இங்கும் பட்டியலில் இருக்கிறது. பழகின கால்குலேட்டரை மாற்றச் சொல்லாதீர்கள்.) ஹேண்ட்புக் இலவசம். என்.சி.இ.இ.எஸ். தளத்தில் கணக்குத் தொடங்கினால் யாரும் இறக்கிக்கொள்ளலாம். உங்களில் எத்தனை பேர் அதை ஒரு தடவையாவது திறந்து பார்த்திருக்கிறீர்கள்? குற்றம் சொல்லக் கேட்கவில்லை. திறந்து பார்த்தால் நான் சொல்வது உங்களுக்கே புரிந்துவிடும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 12 அடி உயரச் சுவர். கான்கிரீட் மணிக்கு 5 அடி ஏறுகிறது. கலவையின் வெப்பம் 60 டிகிரி ஃபாரன்ஹீட். சாதாரணக் கலவை, சாதாரண எடை. ஈரக் கான்கிரீட்டைத் தாங்கும் பலகையின் மேல் வரும் அதிகபட்சப் பக்கவாட்டு அழுத்தம் என்ன? நீங்களாக இருந்தால் சிவப்புத் தாவலைப் பிடித்து, பத்து நொடியில் சூத்திரத்துக்குப் போயிருப்பீர்கள். இன்றைக்கு எழுதுகிறவர் முதலில் இது ஹேண்ட்புக்கா, இந்தப் பலகை வேலைக்கான ஏ.சி.ஐ. 347 வழிகாட்டியா என்று தீர்மானிக்க வேண்டும். ஸ்டாண்டர்டுகள் ஒன்று ஒன்றாகத்தான் திறக்கும். பெரியவை அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். தப்பான அத்தியாயத்தைத் திறந்துவிட்டு எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. மூடிவிட்டு அடுத்ததைத் திறக்க வேண்டும். தேடல் பெட்டியில் நம் சைட்டில் சொல்கிற 'ஷட்டரிங்' என்ற வார்த்தையை அடித்தால் எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்காது. இங்கே அது 'ஃபார்ம்வொர்க்'. சரியான இடத்துக்கு வந்துவிட்டால் கணக்கு எளிது: 150-உடன், 9000-ஐ 5-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்த 750-ஐக் கூட்டினால் சதுர அடிக்கு 900 பவுண்டு. அடிப்பகுதியில் முழுத் திரவ அழுத்தமாக எடுத்தால், கான்கிரீட்டின் எடை கன அடிக்கு 150 பவுண்டு பெருக்கல் 12 அடி, அதாவது 1800. 900 அதற்குள் இருக்கிறது, குறைந்தபட்ச வரம்பான 600-க்கும் மேலே இருக்கிறது, ஆக விடை சரி. கணக்குக்கு ஒரு நிமிஷம், தேடலுக்கு ஐந்து நிமிஷம். 80 கேள்விக்கு எட்டு மணி நேரம், சராசரியாக ஆறு நிமிஷம். இந்தத் தேர்வில் நம் பிள்ளைகள் நேரத்தை விடுவது பெரும்பாலும் அந்த ஐந்து நிமிஷத்தில்தான்.

ஆகவே எது எங்கே இருக்கிறது என்பதைக் கை பழகும்வரை திரையில்தான் பழக வேண்டும். ஹேண்ட்புக்கை அச்சடித்துக் கொடுக்காதீர்கள். அச்சடித்த பக்கத்தில் பழகிய கண் திரையில் தடுமாறுகிறது. மூன்றாவது அத்தியாயம் ஜியோடெக், ஐந்தாவது டிரான்ஸ்போர்ட்டேஷன், ஆறாவது தண்ணீர் என்று வரிசை மனதில் பதிந்திருந்தால் பாதித் தேடலே தேவைப்படாது.

இனி நேரம். இதில்தான் உங்கள் அறிவுரை நேரடியாகக் கெடுதல் செய்கிறது என்று நினைக்கிறேன். உங்கள் காலத்தில் காலையில் நாலு மணி நேரம், மதியம் நாலு மணி நேரம். காலைப் பங்கு காலையோடு சரி. அதனால் "கடைசி நிமிஷம் வரைக்கும் விடாதே, திரும்பத் திரும்பப் பார்" என்று சொன்னீர்கள், அன்றைக்கு அது நியாயம். இப்போது எட்டு மணி நேரமும் ஒரே தொகை. கேள்விகளில் பாதியளவு முடிந்ததும் அதைச் சமர்ப்பித்துவிட்டுத்தான் இடைவேளைக்குப் போக முடியும். பிறகு அந்தப் பகுதிக்குத் திரும்ப வழியில்லை. முதல் பாதியில் ஐந்தேகால் மணி நேரம் செலவழித்தால் மீதிக்கு இரண்டே முக்கால்தான். காலைக் கேள்விகளைத் தேய்த்துத் தேய்த்துச் சரிபார்த்துவிட்டு, கடைசியில் பதினைந்து கேள்விக்கு வெறுமனே ஒன்றைத் தட்டிவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் பாடம் தெரியும். எல்லாம் தெரிந்தவர்கள்.

விடை தெரியாவிட்டாலும் எதையாவது குறித்துவிடு என்பீர்களே, அது இன்றும் சரி. நெகடிவ் மார்க் கிடையாது. ஆனால் எல்லாக் கேள்வியிலும் நாலு விடை இருக்காது. எண்ணைத் தட்டச்சு செய்ய வேண்டியவை உண்டு, சரியானவை எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்க வேண்டியவை உண்டு, படத்தில் ஓர் இடத்தைச் சொடுக்க வேண்டியவையும் உண்டு. விடையிலிருந்து பின்னோக்கிப் போகிற உத்தியை மட்டும் நம்பி ஒருவரை அனுப்ப முடியாது. அதேபோல "எழுபது சதவீதம் எடுத்தால் பாஸ்" என்பதையும் விட்டுவிடுங்கள். அப்படி நிலையான ஒரு சதவீதத்தை என்.சி.இ.இ.எஸ். வைத்திருக்கவில்லை.

ஊரில் படித்துவிட்டு நேரே இங்கே வருகிறவர்களுக்கு இன்னும் ஒரு சுமை. இந்தியக் கான்கிரீட் விதி நூலான ஐ.எஸ். 456-இல் எம்25 என்று கனசதுர வலிமையில் யோசித்தவர், இங்கே சிலிண்டர் வலிமையில் யோசிக்க வேண்டும். கால்வாயில் நீரோட்டத்தைக் கணக்கிடும் மேனிங் சமன்பாட்டில் ஊரில் 1 இருந்த இடத்தில் இங்கே 1.486. கிப், பி.எஸ்.எஃப்., சி.எஃப்.எஸ். என்ற இங்கத்து அலகுகள் எல்லாம் கையில் இயல்பாக வர மாதக்கணக்கில் ஆகும். இதே பாதையை நீங்கள் நடந்து வந்தவர்கள். தேர்வு மாறினாலும் இந்தத் தடுமாற்றம் மாறவில்லை. இதை உங்களைவிடப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க வேறு யாராலும் முடியாது. ஊர்ப் பட்டத்தை மதிப்பீடு செய்வதில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும் என்பதையும், ஆவணங்களுக்குக் கல்லூரியோடு எப்படி மல்லுக்கட்டுவது என்பதையும்கூட நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. தேர்வு எழுதி வருகிறவரிடம் "என்ன கேள்வி வந்தது?" என்று கேட்காதீர்கள். வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் அவர் முதல் கேள்வியையே பார்த்திருக்கிறார். பழைய வினாத்தாளைப் புரட்டிப் படிப்பது நமக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம்தான், கேட்பவர் மனதில் கள்ளம் இல்லை என்பதும் தெரியும். ஆனால் வாட்ஸ்அப் குழுவில் ஞாபகத்திலிருந்து எழுதிப் போடுகிற ஒரு கேள்வி அந்தப் பிள்ளையின் முடிவையே ரத்து செய்யலாம். உங்கள் பேச்சை மறுக்க முடியாத இடத்தில் இருப்பவரிடம் அதைக் கேட்பது நியாயமே இல்லை.

"இப்போதெல்லாம் தேடல் பெட்டி இருக்கிறது, எங்கள் காலத்தில் இருபது புத்தகம் தூக்கினோம்" என்று விருந்துகளில் சொல்கிறீர்கள். அதைக் கேட்டுவிட்டு, ஒரு முறை தவறியவர்கள் அதற்குப் பிறகு வாயே திறப்பதில்லை. 400 டாலர் கட்டி, இரவெல்லாம் படித்து, தோற்று, எந்தத் தலைப்பில் பலவீனம் என்று காட்டும் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் இருக்கிறார்கள். அந்த அறிக்கையை நீங்கள் கேட்டு வாங்கிப் பாருங்கள். எங்கே விட்டது, பாடத்திலா, தேடலிலா, நேரத்திலா என்று பிரித்துச் சொல்ல உங்கள் அனுபவம் வேண்டும்.

டெக்சாஸில் பொறியாளர் உரிமச் சட்டம் வந்தது 1937-இல். அதே வருஷம் மார்ச்சில் நியூ லண்டன் பள்ளிக்கூடத்தில் எரிவாயு கசிந்து வெடித்து முந்நூறு பேர் அளவில் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் இனி இந்த வேலையைத் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். முத்திரை குத்துகிறபோது உங்கள் கையில் இருக்கிற அந்தப் பொறுப்புணர்ச்சியை எந்த ஹேண்ட்புக்கிலும் தேடி எடுக்க முடியாது. 900 வந்தால் நம்பலாம், 9000 வந்தால் எங்கேயோ தப்பு என்று பார்த்த மாத்திரத்தில் சொல்கிறீர்களே, அதைத்தான் இளையவர்களுக்குக் கொடுக்க வேண்டும். எங்களைப் போல சமீபத்தில் எழுதியவர்கள் திரையைச் சொல்லிக்கொடுக்கிறோம். அந்தக் கண்ணை எங்களால் தர முடியாது.

கடைசியாக, உங்கள் கையில் மட்டுமே இருக்கிற ஓர் உதவி. ஹேண்ட்புக் இலவசம், ஸ்டாண்டர்டுகள் அப்படி இல்லை. ஏ.சி.ஐ. 318, ஏ.எஸ்.சி.இ. 7, ஏ.ஐ.எஸ்.சி. மேனுவல், ஹைவே கெப்பாசிட்டி மேனுவல் எல்லாம் தனிமனிதர் சம்பளத்தில் வாங்கிக் கட்டுப்படியாகாது. அநேக ஆபீஸ்களில் அவற்றின் டிஜிட்டல் சந்தா இருக்கிறது. யாருக்கு அனுமதி என்பதை முடிவு செய்கிற இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். தேர்வுக்குப் படிக்கும் உங்கள் ஆபீஸ் பிள்ளைக்கு அந்த அனுமதியை வாங்கிக் கொடுங்கள். எந்தப் பதிப்பு தேர்வுக்கு என்பதை என்.சி.இ.இ.எஸ். பட்டியலில் பார்த்துவிட்டுக் கொடுங்கள். அலமாரியில் இருக்கும் பழைய பதிப்பு வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் ஐந்து மணிக்கு அவர்களை விட்டுவிடுங்கள். அப்புறம் ஒரு சாயங்காலம் நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து, புத்தகத்தைத் தொடாமல், திரையில் மட்டும் தேடி பத்துக் கணக்குகள் போட்டுப் பாருங்கள். ஆறு நிமிஷத்துக்கு ஒன்று என்று கடிகாரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடனும் மரியாதையுடனும்,
ஹூஸ்டனிலிருந்து ஒரு சிவில் பொறியாளன்