பூங்காவில் கோடை நோம்பி: காலை ஆறரைக்கே தொடங்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முழுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் பூட்டியதும் கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் பல பூங்காக்களில் பிள்ளைகளுக்குக் கோடை விழா வைக்கிறார்கள். நல்ல வழக்கம். ஆனால் பத்திரிகைகளில் வரும் படங்களை உற்றுப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான்: மேடை, பின்னால் ஃபிளெக்ஸ், சால்வை போர்த்திய பெரியவர்கள், எதிரே பிளாஸ்டிக் சேரில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். இந்த விழாக்களில் பந்தல் போடுவது, மோர் கரைப்பது, பொடுசுகளைப் பார்த்துக்கொள்வது போன்ற வேலைகளில் இருப்பவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். மேடை எங்கே போடலாம் என்று யோசிக்கும் முன், நிழல் எந்தப் பக்கம் எத்தனை மணி வரை விழுகிறது என்று பாருங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக அமையும்.

கத்திரி மே 4 வாக்கில் தொடங்கி 28, 29 வரை இருக்கும். அந்த நாட்களில் ஈரோடும் கரூர் பரமத்தியும் வெப்பப் பட்டியலில் முன்வரிசையில் நிற்பது எல்லோருக்கும் தெரியும். 2023-ல் ஜூன் 1-லும் 5-லும் திறக்க வேண்டிய பள்ளிகளை வெயிலால் 12-க்கும் 14-க்கும் தள்ளினார்கள். 2024-லும் ஜூன் 6 என்பது 10 ஆனது. கூரையும் ஃபேனும் உள்ள வகுப்பறைக்கே ஆகாத வெயிலில், பதினொரு மணிக்குத் திறந்தவெளியில் சாக்கு ஓட்டம் வைப்பது என்ன கணக்கு?

பொழுதோட, சாயங்காலமாக வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். மே மாதத்தில் நம் பக்கம் அதுவும் நிச்சயமில்லை. பகலெல்லாம் காய்ந்த வெயிலுக்குப் பின், மூன்று மணியிலிருந்து ஆறு மணிக்குள்தான் கோடை மழை காற்றோடும் இடியோடும் இறங்கும். சாமியானாத் துணி காற்றை வாங்கிக் கம்பத்தோடு தூக்கும். சிவப்புப் பூப்பூக்கும் குல்மோகரும் தூங்குமூஞ்சி மரமும் முதல் காற்றிலேயே கிளை முறிபவை. இடி முழங்கும்போது பிள்ளைகளை மரத்தடியில் ஒதுக்கவும் கூடாது. கான்கிரீட் கட்டடம் பக்கத்தில் இல்லாவிட்டால் இருநூறு பிள்ளைகளை எங்கே கொண்டு போவது? காற்றடைத்த ஜம்பிங் பலூனை வாடகைக்கு எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். காற்று மணிக்கு 38 கிலோமீட்டரைத் தொட்டால் பிள்ளைகளை இறக்கிவிட வேண்டும் என்பது வெளிநாட்டுப் பாதுகாப்பு விதி. இங்கே முளையடிக்காமல் நாலு மணல் மூட்டையை வைத்துவிட்டுப் போகிறார்கள்.

ஆகவே காலைதான். ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடித்துவிட வேண்டும். காலை நிழல் மரத்துக்கு மேற்கே, சற்றுத் தெற்கு சாய்ந்து விழும். மே மாதம் எட்டு மணிக்கு 20 அடி உயர வேம்பின் நிழல் 38 அடி நீளம் இருக்கும். ஒன்பதரைக்கு அதுவே 17, 18 அடியாகச் சுருங்கிவிடும். எனவே ஆட்டங்களை மரவரிசைக்கும் கிழக்குக் காம்பவுண்டுச் சுவருக்கும் மேற்கே வைக்க வேண்டும். நிழல் சுருங்கச் சுருங்க ஆட்டமும் ஓட்டத்திலிருந்து உட்காரும் ஆட்டத்துக்கு மாற வேண்டும். முதல் ஒரு மணி நேரம் ஓடுவது, அடுத்த ஒரு மணி நேரம் நிற்பது, கடைசியில் மரத்தடியில் உட்கார்ந்து ஆடுவது. நிகழ்ச்சி நிரல் இவ்வளவுதான், அச்சடிக்கக்கூட வேண்டாம்.

மரம் போதாத பூங்காவில் துணிப் பந்தலைவிட, நாற்றுப் பண்ணைகளில் கட்டும் பச்சை ஷேட் நெட் மேல். வெயிலை 75 சதவீதம் மறைக்கும் வலை கேளுங்கள். காற்று ஊடே போய்விடும், உள்ளே புழுங்காது, பறக்கவும் பறக்காது. 10 முதல் 12 அடி உயரத்தில் கட்டலாம். பலரும் தவறுவது ஓரிடத்தில்தான்: தலைக்கு மேல் மட்டும் கட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். எட்டு மணி வெயில் தலைக்கு மேலிருந்து வராது, கிழக்கேயிருந்து சாய்ந்து வரும். கிழக்குப் பக்கம் ஒரு வலையைத் திரை மாதிரி செங்குத்தாகத் தொங்கவிட்டால்தான் நிழல். அதைக் கட்டாத பந்தலில் பிள்ளைகள் எல்லாம் மேற்கு மூலையில் ஒண்டிக்கொண்டிருப்பார்கள்.

தரையையும் பார்க்க வேண்டும். இப்போது பூங்கா என்றாலே பாதி பேவர் பிளாக். வெறுங்காலில் ஓடும் பிள்ளைக்கு ஒன்பது மணிக்கே அது சுடும். ஓட்டமும் கும்மியும் மண்தரையில் இருக்கட்டும். முதல் நாள் சாயங்காலம் தண்ணீர் தெளித்துச் சீமாறு போட்டால் தூசி அடங்கும். இரும்புச் சறுக்கு மரத்தில் புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியாவிட்டால் கயிறு கட்டி மூடிவிட வேண்டியதுதான். மூலைகளில் பார்த்தீனியம் என்ற களைச்செடி இருந்தால் விழாவுக்கு ஒரு வாரம் முன்பே, பூக்கும் முன், கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். மூச்சிரைப்பு உள்ள பிள்ளைகளுக்கு அது ஆகவே ஆகாது. மரங்களில் தேன்கூடு, குளவிக்கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பார்ப்பதும் அதே நாளில். இருந்தால் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள், நீங்களே புகை போடாதீர்கள்.

நூறு பிள்ளைகளுக்கு மூன்று மணி நேரத்துக்கு வெறும் தண்ணீர் 50 லிட்டர், கைகழுவத் தனி. மோர் ஆளுக்கு 150 மில்லி வீதம் இரண்டு டம்ளர் என்றால் 30 லிட்டர். அதற்கு 6 லிட்டர் தயிர், 24 லிட்டர் தண்ணீர், உப்பு 120 முதல் 150 கிராம், இஞ்சி 150 கிராம், பச்சை மிளகாய் பத்து, இரண்டு கட்டு கொத்தமல்லி, இரண்டு கைப்பிடி கறிவேப்பிலை, கொஞ்சம் பெருங்காயம். அரைத்துக் கலந்து வடிகட்டிவிடுங்கள். மிளகாய்த் துணுக்கு தொண்டையில் சிக்கினால் அந்தப் பிள்ளை அன்றைக்கு மோர்ப் பக்கமே வராது. முப்பது லிட்டரையும் ஒரே தடவையில் கரைக்கக் கூடாது. ஆறு மணிக்குப் பாதி, எட்டு மணிக்குப் பாதி. இல்லையென்றால் கடைசி அண்டா புளித்துப்போய் மரத்தடியில் கொட்டப்படும். அலுமினிய அண்டாவும் ஈயம் பூசாத பித்தளையும் மோருக்கு ஆகாது. எவர்சில்வர் போசி அல்லது மண்பானை. பார் ஐஸ் குடிப்பதற்கென்று போட்டதல்ல. குளிர்ச்சி வேண்டுமானால் அண்டாவைச் சுற்றி வெளியே அடுக்குங்கள், உள்ளே போடாதீர்கள்.

பானகம் கரைப்பதானால் லிட்டருக்கு 100 கிராம் வெல்லம், ஒரு எலுமிச்சை, துளி சுக்கு. கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை கிடைத்தால் இன்னும் நல்லது. எதுவானாலும் கரைத்ததும் துணியில் வடிகட்டினால்தான் அடியில் மண் தங்காது. இனிப்பு என்றால் தேனீ வரும், ஆகவே பானையின் வாயை வெள்ளைத் துணியால் கட்டி, குழாய் வைத்து எடுக்க வேண்டும். தர்பூசணியை அப்போதைக்கப்போது நறுக்குங்கள். கலர்ப் பொடி ஜூஸ் எதற்கு என்று எங்களுக்கு இன்றுவரை புரியவில்லை. பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்பும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டதுதான். இது தெரியாமலே பலர் வாங்குகிறார்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு டம்ளர் கொண்டுவரட்டும். சாப்பாட்டுக்குப் பாக்கு மட்டைத் தட்டு போதும். எச்சிலை மூட்டையை அன்று காலையே அப்புறப்படுத்தாவிட்டால் மறுநாள் நடைபயிற்சிக்கு வருபவர்களைத் தெருநாய்க் கூட்டம்தான் வரவேற்கும்.

இனி ஆட்டங்கள். கயிறு இழுக்க மெல்லிய நைலான் கயிறு வேண்டவே வேண்டாம், உள்ளங்கையை அறுத்துவிடும். கைக்கு நிறைந்த பருத்திக் கயிறோ தேங்காய் நார்க் கயிறோ வாங்குங்கள். கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது என்பதை ஆட்டம் தொடங்கும் முன் ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டும். சுற்றிய கயிறு இறுகினால் விரலே போகும். கிட்டிப்புள்ளில் புள் கண்ணில் பட்டுத்தான் விபத்து நடக்கிறது. அடிப்பவனுக்கு எதிரே விசிறி மாதிரி ஒரு வெளியைச் சுண்ணாம்புக் கோடு போட்டு ஒதுக்குங்கள். பிடிப்பவர்களைத் தவிர வேறு யாரும் அதற்குள் நிற்கக் கூடாது. பம்பரத்துக்கு 10 அடி இடைவெளி. ஆறு வயதுக்குக் கீழே வேண்டாம். உறியடியில் மண்பானைக்குப் பதில் மஞ்சள் தண்ணீர் நிரப்பிய பெரிய பிளாஸ்டிக் டப்பாவைக் கட்டிவிட்டால் ஓட்டாஞ்சில்லு காலில் குத்தும் தொல்லை இல்லை. மரபு கெட்டுவிட்டது என்று ஒருவர் கட்டாயம் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

உட்காரும் ஆட்டங்களுக்குச் செலவே இல்லை. பல்லாங்குழிக்கு மண்ணில் இரண்டு வரிசையாகப் பதினான்கு குழி, குழிக்கு ஐந்து வீதம் எழுபது புளியங்கொட்டை. ஆடுபுலிக்குத் தரையில் சாக்பீஸ் கோடு, மூன்று புலி, பதினைந்து ஆடு. பத்துக் கட்டம் வரைந்தால் இருபது பேர் ஆடலாம், சுற்றி நின்று யோசனை சொல்ல இன்னும் நாற்பது பேர் வருவார்கள். திருப்பூர்ப் பக்கம் பீகார், ஒடிசா பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழில் விதி சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, இரண்டு ஆட்டம் பார்த்தால் மூன்றாவதில் கொட்டைகளை அள்ளிவிடுவார்கள். இந்த ஆட்டங்களுக்கு முதல் பரிசு, இரண்டாம் பரிசு வைக்காதீர்கள். பரிசு என்றதும் பெற்றோர் வந்து பக்கத்தில் நின்றுகொள்வார்கள். அதோடு ஆட்டம் போச்சு.

கலைநிகழ்ச்சி வேண்டுமென்றால் கும்மி. வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்திரப்பன் அவர்களுக்கு 2024-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. நம் ஊர்களில் கும்மிக் குழுக்களும் இருக்கின்றன, சொல்லித் தர ஆள் தேடி அலைய வேண்டாம். மேடை தேவையில்லாத கலை இது. நாற்பது பிள்ளைகள், ஆளுக்கு நாலடி என்று வைத்தால் வட்டத்தின் குறுக்களவு 50 அடி வரும். அவ்வளவு நிழல் எட்டரைக்கு மேல் கிடைக்காது, அதனால் கும்மியை முன்னால் வையுங்கள். சிறப்பு விருந்தினர் வந்தபிறகு ஆடட்டும் என்று பிள்ளைகளைச் சலங்கையோடு காக்க வைப்பதுதான் பெரிய கொடுமை. எட்டரைக்கு வருவதாகச் சொன்னவர் பத்தேகாலுக்கு வருவார். அதுவரை அவர்களுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டார்கள், வேஷம் கலைந்துவிடுமாம்.

மைக் செட் இல்லாமலே நடத்தலாம், விசில் போதும். வைத்தே தீர வேண்டுமென்றால் போலீஸ் அனுமதி வாங்க வேண்டும். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல்தான் வரம்பு. விளக்குக் கம்பத்தில் கொக்கி போட்டு மின்சாரம் எடுப்பதை எலெக்ட்ரீஷியன் யாராவது சுலபம் என்று சொன்னால் அவரை மாற்றுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்ததும் தானே இணைப்பைத் துண்டிக்கும் சாதனம்) இல்லாத இணைப்பு, ஈரத் தரை, வெறுங்கால் மூன்றும் சேரக் கூடாது. ஹைட்ரஜன் அடைத்த பலூனையும் நுரை தெளிக்கும் ஸ்பிரேயையும் உள்ளே விடாதீர்கள், இரண்டும் தீப்பிடிப்பவை.

பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர், ஆறு வயதுக்கு உட்பட்டவர்களில் ஐந்துக்கு ஒருவர். மணிக்கட்டில் துணி டேப் ஒட்டி அதன் உட்புறம் பெற்றோரின் செல்போன் எண் மட்டும் எழுதுங்கள். பெயரை வெளியே தெரியும்படி எழுதினால் யார் வேண்டுமானாலும் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். ஒரே வாசல் திறந்திருக்கட்டும். பனியன் கம்பெனிக்கு எட்டரைக்குப் போக வேண்டியவர்கள் ஒன்பதரைக்கு வந்து கூட்டிப்போக முடியாது. அந்தப் பிள்ளைகளை யார் வீட்டில் விடுவது என்பதைப் பெயர் பதியும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

தலை சுற்றுகிறது என்று சொல்லும் பிள்ளையை நிழலில் படுக்க வைத்து, தெளிவாக இருந்தால் ஓ.ஆர்.எஸ். கொடுக்கலாம். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். பாதிப் பொடியை ஒரு டம்ளரில் போட்டுக் கலக்கினால் உப்பு கூடி வாந்தி வரும். உடம்பு அனலாகக் கொதித்து, பேச்சு குழறினால் அது வேறு. உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் வையுங்கள். நினைவில்லாத பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

மாநகராட்சி, நகராட்சி அதிகாரிகளிடம் கேட்பது கொஞ்சம்தான். விழா நாளன்று பூங்காக் கழிப்பறையின் சாவி காலை ஆறு மணிக்கே கிடைக்க வேண்டும். பல இடங்களில் கழிப்பறை இருக்கிறது, பூட்டும் இருக்கிறது, சாவி யாரிடம் என்பதுதான் தெரியாது. மூத்த பெண் பிள்ளைகள் இதனாலேயே எட்டு மணிக்கு வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். லேஅவுட்டுகளில் பூங்காவுக்கென்று ஒதுக்கி வேலி போட்டுப் பூட்டி வைத்திருக்கும் ரிசர்வ் சைட்டுகளையும் மே மாதக் காலை வேளைகளில் திறந்துவிடுங்கள். விழாவுக்குக் கட்டிய பச்சை வலையை மறுநாளே அவிழ்க்கச் சொல்லாமல், பள்ளி திறக்கும்வரை விட்டுவைக்க எழுத்தில் அனுமதி தாருங்கள். அப்படிக் கிடைத்தால் வாடகை வலையை எங்களால் சொந்த வலையாக மாற்றிக்கொள்ள முடியும்.

இப்படிக்கு,
பூங்கா விழா ஏற்பாடுகளில் இருக்கும் குடியிருப்போர் சிலர்,
கோவை.