லாபம், ரெண்டு, மூணு

கும்பகோணம்
ஆடி மாதம், வெள்ளிக்கிழமை இரவு

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மூன்றே வரி. நம் பேச்சுச் சிகிச்சையாளர் சங்கத்தின் மாநிலக் கிளைத் தலைவர் பதவிக்கு நிற்கச் சொல்கிறார்கள், நிற்கட்டுமா வேண்டாமா, நீயே சொல் என்று கேட்டுவிட்டு, கடைசியில் பாதி இடத்தை என் முட்டிவலியைப் பற்றி விசாரித்தே நிரப்பிவிட்டாய். போனில் ‘நில்லு’ என்று ஒரு வார்த்தையில் சொல்லியிருப்பேன். ஆனால் மைசூர் விடுதியில் விளக்கை அணைத்த பிறகு மணிக்கணக்கில் பேசித்தானே நாம் எதையும் முடிவு செய்தோம், அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்.

முதலில் ஊர்ச் செய்தி. தண்ணீர் வந்துவிட்டது. அரசலாற்றில் நுரையும் ஆகாயத்தாமரையுமாகப் போகிறது, அப்பாவின் நிலத்தில் குறுவை நட்டாகிவிட்டது, எல்லாம் இயந்திர நடவுதான். தண்ணீர் வந்த வாரத்தில் என் கிளினிக்கில் ஈ ஓட்ட வேண்டியதுதான், எந்தத் தாயும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரமாட்டாள். நடவு முடிந்ததும் ஒரே நாளில் பன்னிரண்டு பேர் வந்து நிற்பார்கள். உனக்குப் பள்ளிக்கூட லீவைப் பார்த்து அப்பாயின்ட்மென்ட், எனக்கு மேட்டூர் அணையைப் பார்த்து.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ கேட்ட பிறகு, நம் தொழிலில் சங்கம் ஆரம்பித்தவர்களும் தலைமையில் உட்கார்ந்தவர்களும் எப்படிப்பட்ட ஆட்கள் என்று யோசித்துப் பார்த்தேன். எல்லாம் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த பெயர்கள்தான். வருஷத்தையும் பெயரையும் எழுதி மார்க் வாங்கிக்கொண்டு போய்விட்டோம், அந்த ஆளைப் பற்றி நினைக்கவே இல்லை.

எமில் ஃப்ரோஷெல்ஸ் ஞாபகம் இருக்கிறதா? 1924இல் வியன்னாவில் நம் தொழிலுக்கான சர்வதேசச் சங்கத்தைத் தொடங்கியவர். அவர் யூதர், 1939இல் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். ஊரை விட்டு ஓடவேண்டி வந்தாலும் அவர் வைத்த சங்கம் இன்றைக்கும் இருக்கிறது. அவருடைய ‘மெல்லும் முறை’யைத்தான் நீ வகுப்பில் நடித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தாய், சோற்றை மெல்லுவதுபோலத் தாடையை அசைத்துக்கொண்டே குரல் எழுப்புவது. அந்தக் கணக்கில் பார்த்தால் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குக் குரல் சிக்கலே வரக்கூடாது, கொழுந்து வெற்றிலையை மென்றுகொண்டேதானே பேசுகிறார்கள்! ஆனால் அதோடு புகையிலையும் சேர்ந்துகொள்வதால் தொண்டைப் புற்றில் குரல்வளையை எடுத்துவிட்டு, கழுத்தில் துளையோடு என்னிடம் வருகிறார்கள்.

அப்புறம் லயனல் லோக். இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜின் திக்குவாய்க்குப் பயிற்சி கொடுத்தவர் என்று உலகத்துக்கே தெரியும். அடிலெய்டில் பிறந்து, மேடைப் பேச்சு சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர். முதல் உலகப் போரிலிருந்து பேச்சு குழறித் திரும்பிய சிப்பாய்களுக்குப் பெர்த்தில் பயிற்சி கொடுத்தார், அங்கேதான் கை பழகியது. 1924இல் லண்டனுக்குப் போய் ஹார்லி தெருவில், பெரிய பெரிய டாக்டர்களுக்கு நடுவே, ஒரு பட்டமும் இல்லாமல் அறை எடுத்து உட்கார்ந்தார். 1935இல் அங்கே பேச்சுப் பயிற்சியாளர் சங்கம் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அடுத்த பத்தாண்டில் அது கல்லூரி என்ற பெயரில் இன்னும் பெரிய அமைப்பானது, 1948இல் மன்னரே புரவலராக இருக்கச் சம்மதித்தார். இதில் எனக்குப் பிடித்ததும் பிடிக்காததும் ஒன்றுதான்: அதே லோக் இன்றைக்கு விண்ணப்பம் போட்டால் எந்த நாட்டுச் சங்கமும் அவரை உறுப்பினராகக்கூடச் சேர்க்காது. சான்றிதழ் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கேட்கத்தான் வேண்டும் என்றும் எனக்குத் தெரியும், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வெண்டல் ஜான்சனைப் பற்றி நினைத்தால் மட்டும் இன்றைக்கும் மனசு ஒரு நிலையில் நிற்பதில்லை. கான்சாஸ் மாநிலத்துப் பண்ணைப் பையன், கடுமையான திக்குவாய். அயோவா பல்கலைக்கழகத்தில் அதைப் பற்றி ஆராய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, குணமாகத்தான் அங்கே போனான். இடது கைப் பழக்கத்தைக் கொண்டுவந்தால் திக்கு போகும் என்று அப்போது நம்பி, வலது கைக்கு மாவுக்கட்டுக்கூடப் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறான். குணமாகவில்லை, அந்தத் துறையிலேயே பேராசிரியர் ஆகிவிட்டார். 1950இல் அமெரிக்கச் சங்கத்தின் தலைவர். திக்குகிறவன் ஒருவன் பேச்சுத் தொழிலுக்கே தலைவனாவது என்றால் எவ்வளவு பெரிய விஷயம், இல்லையா? ஆனால் 1939இல் அவர் வழிகாட்டுதலில் டேவன்போர்ட் அநாதை இல்லத்துக் குழந்தைகள் 22 பேரிடம் ஒரு மாணவி செய்த ஆராய்ச்சியும் இருக்கிறதே. நன்றாகப் பேசிய குழந்தைகளையும் பிடித்து, ‘உனக்குத் திக்குகிறது, வாயைத் திறக்குமுன் யோசி’ என்று மாதக்கணக்கில் சொல்லிச் சொல்லி, அவர்கள் பேசவே பயப்படும்படி ஆக்கிவிட்டார்கள். பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது 2001இல். அதற்குள் அந்தக் குழந்தைகள் கிழவர்களாகிவிட்டார்கள். தனக்கு வலித்த ஒரே காரணத்தால் ஒருவருக்கு அடுத்தவர் வலி புரிந்துவிடும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன், அதை அவர் கெடுத்துவிட்டார். நீ எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அந்த 22 பேரை மறக்காதே. இதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன்.

அந்த அமெரிக்கச் சங்கம் ஆரம்பித்தபோது இருந்தவர்கள் 25 பேர்தானாம், 1925இல். இன்றைக்கு 2 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அவர்கள் முதலில் எழுதிய விதிகளில் ஒன்று: இத்தனை பணம் கொடு, குணமாக்கித் தருகிறேன் என்று உத்தரவாதம் கொடுப்பவருக்கு இங்கே இடமில்லை. நூறு வருஷம் ஆகிறது. எங்கள் பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரில் போன மாதம்கூட ஒரு நோட்டீஸ் பார்த்தேன், திக்குவாய் முப்பதே நாளில் குணம், தவறினால் பணம் வாபஸ் என்று. ஆறு மாதச் சான்றிதழ் ஒன்றை மாட்டிவைத்துக்கொண்டு நடத்துகிறார்கள். அங்கே ஒரு வருஷம் போய்வந்த பையன் பிறகு என்னிடம் வந்தான். நாக்கைத் தேய்க்கிறேன் என்று தினமும் பிரஷ்ஷால் தேய்த்துப் புண்ணாக்கி வைத்திருந்தார்கள். பிள்ளை ஆட்டிசம், கண்ணைப் பார்க்கவே இல்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை, அவனுக்கு நாக்கில் என்ன வேலை? அதனால்தான் சொல்கிறேன், பதிவு எண் கேட்கத்தான் வேண்டும். நம்மைப் போன்றவர்களைப் பதிவு செய்யும் மறுவாழ்வு கவுன்சிலுக்கான சட்டம் 1992இல் வந்தது, அந்தப் பதிவு எண்ணை என் பெயர்ப்பலகையில் பெயரைவிடப் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

ஆனால் கதவைக் காப்பது மட்டும்தான் சங்கத்தின் வேலை என்று நினைப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஏன் என்று ஒரு கதை சொல்கிறேன், இதை உன்னிடம் போனில் பாதிதான் சொன்னேன்.

திருப்பனந்தாள் பக்கத்துப் பெரியவர் ஒருவர், பக்கவாதம். வலது கை விழுந்துவிட்டது, பேச்சு போய்விட்டது, நாம் சொல்வது புரிகிறது, வாயில் வருவது ‘அது, அது’ மட்டும். புத்தகத்தில் இருப்பதுபோல ஆரம்பித்தேன். கிழமைகள் சொல்லுங்கள், வரவில்லை. மாதங்கள், வரவில்லை. ஒன்று, இரண்டு என்று நான் எடுத்துக்கொடுத்தால் ‘ஒன்’னிலேயே நின்று கண்ணில் நீர் வந்துவிடும். இப்படி மூன்று வாரம். மூலையில் உட்கார்ந்திருந்த அவர் வீட்டு அம்மா ஒருநாள் மெதுவாகச் சொன்னார், ‘களத்துல நெல் அளக்கையில அவரு ஒண்ணுன்னு சொல்லமாட்டாரும்மா.’ எனக்குத் தலையில் அடித்த மாதிரி இருந்தது. விவசாயி மகள்தானே நான், எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று? அடுத்த நாள் அப்பா நெல் அளக்கும் பழைய மரக்காலையும் ஒரு சாக்கு நெல்லையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். இடது கையால் தடவிப் பார்த்தார். நான் அள்ளிப் போட்டேன், தலைதட்டினார், வாயைத் திறந்தார், ‘லாபம்’ என்றார். கணீரென்று! களத்தில் ஒன்றுக்குப் பதிலாக லாபம் என்றுதானே எண்ணத் தொடங்குவார்கள். அப்புறம் ரெண்டு, மூணு, நாலு என்று ஓடியது, பன்னிரண்டில் தானாக நின்று, விரலால் தரையில் ஒரு கோடு போட்டார். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் இல்லையா, கணக்கு முடிந்துவிட்டது அவருக்கு. அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார், நானும்தான்.

பழகிப்போன வரிசை தானாக வரும், யோசித்துச் சொல்ல வேண்டியது வராது, இது பாடத்திலேயே இருக்கிறது. ஆனால் எந்தச் சோதனைத் தாளிலும் ‘லாபம்’ இல்லை. படங்களில் எஸ்கலேட்டரும் பீட்சாவும் இருக்கின்றன, மரக்கால் இல்லை. வேதாரண்யத்து உப்பளக்காரர் பிள்ளைக்கும் அண்ணாநகர்ப் பிள்ளைக்கும் ஒரே அட்டை. இங்கே பாதிப் பேர் வீட்டில் ‘வாளப்பளம்’ என்றுதான் சொல்கிறார்கள், அதைப் பிள்ளை சொன்னால் உச்சரிப்புக் கோளாறு என்று எழுதி அனுப்புகிறார்கள். அது கோளாறு இல்லை, அது ஊர்ப் பேச்சு, அந்தப் பிள்ளையின் பாட்டி அப்படித்தான் பேசுகிறாள்.

பெரியவருக்கு அந்த லாபத்திலிருந்தே நூல் பிடித்துப் போனோம். நெல்லின் பெயர்கள், மாட்டின் பெயர், பிள்ளைகளின் பெயர். வீட்டில் தினமும் வேலை வாங்கியது அந்த அம்மாதான், வாரம் ஒரு நாள் மட்டும் நான். ஏழு மாதத்தில் காப்பி கேட்டார். மாற்றுத்திறனாளி அட்டையும் வாங்கிக்கொடுத்தேன். 1995 சட்டத்தில் இருந்த ஏழு வகையில் பேச்சுக்கு இடமே இல்லை, 2016 சட்டத்தில் 21 வகை, அதில் பேச்சும் மொழியும் சேர்ந்திருக்கிறது, இவரைப்போல மூளை பாதித்துப் பேச்சு போன அஃபேசியாக்காரர்களும் குரல்வளை எடுத்தவர்களும் வருகிறார்கள். சட்டத்தில் அந்த ஒரு வரி எழுதப்பட்டதால் மட்டுமே அவருக்கு அட்டை கிடைத்தது. இதெல்லாம் ஒற்றை ஆளாகக் கிளினிக்கில் உட்கார்ந்திருக்கும் என்னால் ஆகிற காரியமா? அப்படிப் பார்த்தால் சங்கம் வேண்டியிருக்கிறது.

அதை எழுதி மாநாட்டுக்கு அனுப்பு என்று நீ அப்போதே நச்சரித்தாய். அனுப்பவில்லை. மூன்று நாள் கிளினிக்கை மூட வேண்டும், பதிவுக் கட்டணம், ஹோட்டல், ரயில். அங்கே போனால் மேடையில் இருப்பவர்கள் எல்லாம் பெரிய நிறுவனப் பேராசிரியர்கள், மாதச் சம்பளத்தோடு ‘ஆன் டியூட்டி’ போட்டுக்கொண்டு வந்தவர்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, 1966-67 வாக்கில் நம் இந்தியச் சங்கம் பிறந்ததே நாம் படித்த மைசூர் பேச்சு, கேட்டல் நிறுவனத்தைச் சுற்றித்தான், அது தொடங்கி ஒன்றிரண்டு வருஷத்தில், அவர்கள் இல்லாவிட்டால் நீயும் நானும் இல்லை. ஆனால் தனியாகக் கிளினிக் வைத்திருப்பவள் தலைமைக்கு வந்ததை நான் பார்த்ததில்லை. ஆஸ்திரேலியாவில் எலினர் ரே 1931இல் சிட்னி குழந்தைகள் மருத்துவமனையில் ஒரு கிளினிக் திறந்தார், அந்த நாட்டுக்கே அதுதான் முதல். பதினெட்டு வருஷம் கழித்து 1949இல் அங்கே முறையான சங்கம் வந்தது. முதலில் நோயாளி, அப்புறம்தான் சங்கம். நமக்கு அந்த வரிசை எங்கேயோ மாறிவிட்டது.

நீ பேராசிரியர்தான், இருந்தாலும் வாரம் மூன்று நாள் நோயாளிகளைப் பார்க்கிறாய், அதனால் நில். ஜெயித்தால் எனக்காக இதைச் செய். மாநாட்டில் ஒரு நாளையாவது தஞ்சாவூரிலோ திருவாரூரிலோ வை, ஏசி ஹால் வேண்டாம், ஒரு கல்யாண மண்டபம் போதும், சாப்பாட்டுக்கு நான் பொறுப்பு. சோதனைப் படங்களை வட்டாரத்துக்கு வட்டாரம் வேறாக வரைய ஒரு குழு போடு, உப்பளத்திலிருந்தும் களத்துமேட்டிலிருந்தும் சொற்களைச் சேகரிக்க வரச்சொல், நான் வருகிறேன். அங்கன்வாடி டீச்சர்களுக்கு அரை நாள் வகுப்பு எடுக்கலாம். ரெண்டு வயசில் பேசாத பிள்ளையைக் கூத்தனூர் சரஸ்வதி கோயிலுக்குக் கூட்டிப்போய், நாக்கில் வசம்பைத் தடவிவிட்டு, ‘அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்’ என்று காத்திருந்து, நாலரை வயசில் என்னிடம் கொண்டுவருகிறார்கள். கோயிலுக்குப் போகட்டும், நானும் போகிறேன். அப்படியே அங்கன்வாடியில் காது சரியாகக் கேட்கிறதா என்று பார்க்கச் சொல்ல ஒருத்தி இருந்தால் ரெண்டு வருஷம் மிச்சம்.

நிற்பதென்று முடிவு செய்தால் எனக்கு உடனே எழுது. முன்மொழிய ஆள் வேண்டுமென்றால் என் பெயரைப் போடு. ஒரு சின்னச் சங்கடம், சொல்லிவிடுகிறேன்: கிளைச் சந்தா நாலு வருஷமாகக் கட்டவில்லை. இவ்வளவு நியாயம் பேசுகிறவள் என்று நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. எவ்வளவு பாக்கி என்று விசாரித்துச் சொல், திங்கட்கிழமை அனுப்பிவிடுகிறேன்.

முட்டி பரவாயில்லை.

உன் பழைய அறைத்தோழி