மிதிச்சதும் வண்டி ஏன் கிளம்பல? பூஸ்டர் வாங்குறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ படிச்சிடுங்க

எல்லாருக்கும் வணக்கம்.

ஆட்டோமேட்டிக் ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்கிற நிறைய பேர் நம்மகிட்ட ஒரே கம்ப்ளைன்ட்டோட தான் வர்றீங்க. மிதிச்சா வண்டி ஒரு யோசன பண்ணிட்டு தான் போகுது, ஓவர்டேக் பண்ண நெனச்ச எடத்துல தூங்குது, அப்புறம் திடீர்னு பிச்சிக்கிட்டுப் பாயுது. சொல்லி முடிச்ச கையோட ஒரு பெடல் பூஸ்டர் போட்டுக் குடுத்துடுங்கன்னும் கேக்குறீங்க. வண்டி டெலிவரி எடுக்குற அவசரத்துல இத முழுசா விளக்க முடியல, அதனால தான் உக்காந்து எழுதுறோம்.

லேக், அதாவது மிதிச்சதுக்கும் வண்டி போறதுக்கும் நடுவுல வர்ற தாமதம்னு நாம ஒரே பேர்ல சொல்றது ஒரே நோய் இல்ல. பெடல்ல வர்ற தாமதம் வேற, டர்போல (எக்ஸாஸ்ட் காத்துல சுத்தி இன்ஜினுக்குள்ள கூடுதல் காத்து தள்ளுற கருவி) வர்றது வேற, கியர்பாக்ஸ்ல வர்றது வேற, எங்கயோ காத்து லீக் ஆகி வர்றதும் வேற. உங்க காலுக்கு எல்லாமே ஒண்ணு மாதிரி தான் தெரியும், ஆனா ஒண்ணுக்கான மருந்து இன்னொண்ணுக்குக் கேக்கவே கேக்காது.

மொதல்ல பெடல். கேபிள் இருந்த காலத்துல நீங்க மிதிச்சா இன்ஜினுக்குக் காத்து விடுற த்ராட்டில் பிளேட்டு நேரா திறக்கும். இப்போ பெடலுக்குக் கீழ இருக்கிறது சென்சார் தான், அதுவும் ஒண்ணுக்கொண்ணு சரிபாத்துக்க ரெண்டு சிக்னல் போகும். அத இசியூ, அதாவது இன்ஜின கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர் வாங்கி, இவருக்கு இவ்ளோ டார்க் (சுத்துற விசை) வேணும்போலன்னு கணக்கு போட்டு, அப்புறம் மோட்டார் வச்சு பிளேட்ட திறக்குது. அந்தக் கணக்குல வேணும்னே கொஞ்சம் நிதானம் வச்சிருப்பாங்க, ஏன்னா டக்குனு திறந்தா கியர்பாக்ஸ்ல இருந்து வீல் வரைக்கும் இருக்கிற லூஸ் எல்லாம் ஒரே நேரத்துல டைட் ஆகி வண்டி குலுங்கும், புகைக் கணக்கும் கெடும். ஸ்போர்ட் மோடுல போட்டதும் வண்டி உயிர் வந்த மாதிரி தெரியுதே, அது பெரும்பாலும் இந்த நிதானத்த கொறச்சு, கியர் மாத்துற கணக்க மேல தள்ளுறதால தான்.

பெடல் பூஸ்டர் என்ன பண்ணுதுன்னா சென்சாருக்கும் இசியூவுக்கும் நடுவுல உக்காந்துக்கிட்டு நீங்க 30 சதவீதம் மிதிச்சா 50 சதவீதம்னு மேல சொல்லும், அவ்ளோ தான். நீங்களே கொஞ்சம் அழுத்தி மிதிச்சா கிடைக்கிறத அது உங்களுக்காக மிதிக்குது. முழுசா மிதிச்சா அது இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணு தான், ஏன்னா 100க்கு மேல சொல்ல ஒண்ணும் இல்ல. டர்போவோ கியர்பாக்ஸோ அதனால வேகமா வேல செய்யப் போறதில்ல. நெரிசல்லயும் பார்க்கிங்லயும் வண்டி துள்ளும், அது தான் கூடுதல். வேணும்னு பிடிவாதமா கேட்டா போட்டுத் தருவோம், ஆனா லேக் போயிடும்னு சொல்லி விக்க மாட்டோம்.

அடுத்தது கியர்பாக்ஸ், நம்மகிட்ட வர்றவங்க பட்ற எரிச்சல்ல பெரும்பங்கு இங்க தான் இருக்கு. நிதானமா போய்ட்டு இருக்கும்போது பெட்ரோல் மிச்சம் பிடிக்க வண்டி ஏழாவது எட்டாவது கியர்ல 1500 ஆர்பிஎம்ல உருண்டுக்கிட்டு இருக்கும். நீங்க ஒரே அழுத்தா அழுத்துறீங்க. இப்போ கியர்பாக்ஸ் மூணாவது தான் சரின்னு முடிவு பண்ணணும், உள்ள ஒரு கிளட்ச விட்டு இன்னொண்ணப் பிடிக்கணும், அந்த கியருக்கு ஏத்த மாதிரி இன்ஜின் சுத்து மேல ஏறணும், அதுக்கப்புறம் தான் டர்போவுக்குப் போதுமான எக்ஸாஸ்ட் காத்து கிடைச்சு பூஸ்ட், அதாவது டர்போ தள்ளுற காத்தோட அழுத்தம் ஏறும். ஒவ்வொண்ணும் சின்ன சின்ன நேரம் தான், ஆனா ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா வரிசையில நிக்குது. 100 கிலோமீட்டர் வேகத்துல அரை செகண்ட் போச்சுன்னா கார் கிட்டத்தட்ட 14 மீட்டர் தாண்டிடும், ஓவர்டேக் பண்றவருக்கு அந்த 14 மீட்டர் சின்ன விஷயம் இல்ல.

டூயல் கிளட்ச் வச்சிருக்கிறவங்க, ஃபோக்ஸ்வேகன் 2003ல கோல்ஃப் ஆர்32ல டிஎஸ்ஜிங்கிற டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் குடுத்ததுல இருந்து இந்த வகை பெருகிடுச்சு, இன்னொரு விஷயத்தையும் தெரிஞ்சிக்கணும். ஒரு கிளட்ச்ல நாலாவது கியர் ஓடும்போதே இன்னொரு கிளட்ச்ல அடுத்த கியர போட்டுத் தயாரா வச்சிருக்கும். நீங்க வேகம் எடுத்துக்கிட்டே இருந்தா அஞ்சாவது தயாரா இருக்கும், ஸ்டீயரிங் பின்னாடி இருக்கிற பேடில தட்டின உடனே கண் சிமிட்டுறதுக்குள்ள மாறிடும். ஆனா அது அஞ்ச எடுத்து வச்சிருக்கிற நேரத்துல நீங்க மூணு கேட்டீங்கன்னா, அஞ்ச கழட்டி மூணப் போட்டு அப்புறம் தான் மாத்தணும். அந்தத் தயக்கம் ரிப்பேர் இல்ல, அதோட அமைப்பே அப்படி.

சரி, உங்க வண்டில எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? பார்க்ல நிறுத்தி ரேஸ் பண்ணிப் பாக்காதீங்க, நிறைய வண்டில லோடு இல்லாதப்போ இசியூ வேணும்னே மெதுவா தான் ஏத்தும், அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. யாரும் இல்லாத பாதுகாப்பான ரோட்லயோ டிராக்லயோ மேனுவல் மோடுல மூணாவது கியர்ல போட்டு, 2000 ஆர்பிஎம்ல ஒரு தடவயும் 4000ல ஒரு தடவயும் மிதிங்க, ஆனா பெடலோட கடைசியில இருக்கிற கிக்டவுன் பட்டன் வரைக்கும் போகாதீங்க, அது கியர தானா இறக்கிடும். 4000ல ஒடனே இழுத்து 2000ல இழுக்கலைன்னா அது பூஸ்ட் சமாச்சாரம். ரெண்டுலயும் நல்லா இழுத்து டியில (ஆட்டோமேட்டிக் மோடுல) மட்டும் தூங்கினா கியர்பாக்ஸ் எடுக்குற முடிவு தான் காரணம். ரெண்டுலயும் சரியில்லைன்னா, முன்ன நல்லா இருந்து இப்போ கெட்டிருந்தா, எங்கயோ பழுது இருக்கு.

அப்படி ஒரு டர்போ கூப் வந்துச்சு. அத வச்சிருந்தவர் பூஸ்டர் ஏற்கனவே வேற எடத்துல போட்டு, அப்பவும் சரியாகாம தான் நம்மகிட்ட வந்தார். ஸ்கேனர மாட்டிக்கிட்டு ஓட்டிப் பாத்தோம். பெடல் 100 காட்டுது, த்ராட்டில் பிளேட்டும் ஒடனே முழுசா திறந்துடுது, கியரும் கேட்டது விழுந்துடுது, ஆனா இசியூ கேட்ட பூஸ்டுக்கும் வந்த பூஸ்டுக்கும் நடுவுல பெரிய இடைவெளி. அடியில கவர கழட்டிப் பாத்தா இன்டர்கூலர் (டர்போ காத்த குளிர வைக்கிற பாகம்) ஹோஸ் வாய்ல ஈரமா ஒரு எண்ணெய்க் கறை, அத சுத்தி தூசி ஒட்டி கறுத்துப் போயிருந்துச்சு, விரல் வச்சு அழுத்தினா ஹோஸ் அசையுது. கிளாம்ப் லூஸ். பூஸ்ட் அழுத்தம் வர்றப்போ மட்டும் வாய் திறந்து காத்து வெளிய போயிருக்கு. கிளாம்ப மாத்தினதும் வண்டி பழையபடி ஆயிடுச்சு, பூஸ்டர அவரே கழட்டச் சொல்லிட்டார்.

இதே மாதிரி த்ராட்டில் பாடில கரி படிஞ்சாலும், ஏர்ஃப்ளோ சென்சார் அழுக்கானாலும், கியர்பாக்ஸ் மவுண்ட் நைஞ்சு போனாலும் உங்களுக்கு லேக்னு தான் தெரியும். ஆயுசுக்கும் மாத்த வேணாம்னு சொன்ன கியர் ஆயிலையும் நம்பி விட்டுடாதீங்க. நிறைய வண்டில இருக்கிற இசட்எஃப் கியர்பாக்ஸுக்கு அதைச் செய்ற கம்பெனியே 80,000 - 120,000 கிலோமீட்டர் இல்லாட்டி 8 வருஷம்னு தான் சொல்லுது, வண்டிய விரட்டி ஓட்டுறவங்க அதுக்கும் முன்னாடியே மாத்திடுறது நல்லது.

பழுது எதுவும் இல்லைன்னா ஓட்டுற முறையில நிறைய சரி பண்ணலாம். இடைவெளி கிடைச்ச பிறகு மிதிக்காதீங்க, கிடைக்கப் போகுதுன்னு தெரியும்போதே பேடில்ல ரெண்டு கியர் கொறச்சு சுத்த 3000 - 3500ல வச்சுக்கோங்க, டர்போ முழிச்சிருக்கும். வளைவுலயும் அப்படித் தான், பிரேக் போடும்போதே கியர இறக்கிடுங்க, வளைவு முடியிற எடத்துல இறக்காதீங்க. ஒரே குத்தா குத்துறத விட முன்கூட்டியே மெதுவா அழுத்தத் தொடங்கினா பல வண்டி இன்னும் நேர்த்தியா இழுக்கும். இடது கால பிரேக்ல வச்சுக்கிட்டு வலது காலால மிதிக்கிற பழக்கம் இருக்கிறவங்க கவனிங்க, நிறைய வண்டில ரெண்டும் சேர்ந்து அழுந்தினா இசியூ த்ராட்டில மூடிடும், நீங்களே லேக்க உண்டாக்குறீங்க.

கியர்பாக்ஸ் ட்யூனிங் கேக்குறவங்களுக்கு: கியர் மாறுற புள்ளியையும் பெடல் கணக்கையும் மாத்த முடியும், வித்தியாசமும் நல்லாவே தெரியும். ஆனா உள்ள இருக்கிற கிளட்ச் தாங்குற டார்க்குக்கு ஒரு எல்லை இருக்கு, வாரன்டியும் பாதிக்கலாம். அதனால ஆயிலும் லீக்கும் பாத்து முடிக்காம ட்யூன் பண்றதில்லைன்னு வச்சிருக்கோம்.

ரெண்டு அறிகுறிய மட்டும் லேக்னு சொல்லி தள்ளிப் போடாதீங்க. பார்க்ல இருந்து டிக்கு மாத்தினா ரெண்டு மூணு செகண்ட் கழிச்சு டம்முனு விழுதுன்னா, இல்லாட்டி கியர் மாறுற நேரத்துல சுத்து மட்டும் ஏறி வண்டி இழுக்கலைன்னா, ஓட்டிக்கிட்டு வராதீங்க, போன் பண்ணுங்க, தூக்கிட்டு வர ஏற்பாடு பண்றோம்.

இந்த ரெண்டும் இல்லாதவங்க வரும்போது எரர் கோட அழிச்சிட்டு வராதீங்க. எந்த கியர்ல, எத்தன ஆர்பிஎம்ல, இன்ஜின் சூடான பிறகா முன்னாடியான்னு ரெண்டு வரி எழுதிட்டு வாங்க. முடிஞ்சா முந்தின நாள் சாயங்காலமே வண்டிய விட்டுட்டுப் போங்க, ஆயில் நல்லா ஆறினப்புறம் காலையில மொத ஸ்டார்ட்டே நாங்க பண்ணிப் பாக்கணும்.

அன்போட,
உங்க ஒர்க்‌ஷாப்