ஓடத் தெரிந்தவன்

அன்புள்ள மூர்த்தி,

ஏழு மாதமாகக் கடிதம் போடவில்லை. திட்ட வேண்டியதைத் திட்டிவிட்டு மேலே படி. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இண்டியானாபொலிஸ் குளிர் வழக்கம்போல.

சரி, விஷயம் இதுதான். நிகில் பள்ளி அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் குவார்ட்டர்பேக் ஆகிவிட்டான், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவன். சிரிக்காதே! வார்டனைக் கண்டு நீ ஓடுவாயே, அதே வேகம். போன வாரம் இரண்டு தடவை பந்தோடு நாற்பது யார்டு ஓடினான். நான் கத்திய கத்தலில் இன்னும் தொண்டை சரியாகவில்லை.

ராத்திரி வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. எதிரணிப் பையன் கிட்டே வந்ததும் இவன் ஹெல்மெட் தாழ்கிறது. பார்வை பாஸை வாங்க வேண்டிய ரிசீவரை விட்டுவிட்டு, இவனைப் பிடிக்க வருகிறவன் மேல் போய்விடுகிறது. வலப்பக்கம் ஒருவன் தன்னந்தனியாகக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். அது இவனுக்குத் தெரியவே இல்லை.

2018 ஞாபகம் இருக்கிறதா? கல்லூரி குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சன் ரிசீவராகப் போகலாம் என்று பழைய அணி மேலாளர் பில் போலியன் சொன்னார், நானும் தலையாட்டினேன். கல்லூரி ஆட்டத்தின் பெரிய விருதான ஹைஸ்மன் வாங்கியவனை, தொழில்முறை லீகான என்எஃப்எல் புது ஆட்களை எடுக்கும் டிராஃப்டில் முதல் சுற்றின் கடைசி ஆளாக, 32வதாகத்தான் பால்டிமோர் எடுத்தது. அவனுக்கு முன்னால் நான்கு குவார்ட்டர்பேக்குகள் போய்விட்டார்கள். அடுத்த வருஷமே 1,206 யார்டு ஓடினான். ஓட்டத்தை விடு, புள்ளி வாங்கித் தரும் டச்டவுன் பாஸ் 36, லீகிலேயே அதுதான் அதிகம். அந்த வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதான எம்விபிக்கு விழுந்த வாக்கு ஒன்றுகூடச் சிதறவில்லை. தோற்றது நான், பிரியாணி என் செலவு.

அந்த வெட்கத்தில் 2023இல் மறுபக்கம் சாய்ந்தேன். எங்கள் ஊர் அணி கோல்ட்ஸ், குவார்ட்டர்பேக் ஆந்தனி ரிச்சர்ட்சனை 4வதாக எடுத்தார்கள். 40 யார்டு 4.43 வினாடியில், நின்ற இடத்திலிருந்து 40.5 அங்குலம் எகிறல். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. “கல்லூரியில் தொடக்கத்திலிருந்து இறங்கியது 13 ஆட்டம்தான்டா, பாஸில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் போய்ச் சேருகிறது” என்றாய். கேட்டேனா? முதல் வருஷம் தோள் காயத்தில் போனது, அதற்கு அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் 2024இல் போய்ச் சேர்ந்த பாஸ் 47.7 சதவீதம். 2025இல் இடம் டேனியல் ஜோன்ஸுக்குப் போனது.

இரண்டு தடவையும் நான் பார்த்தது கால்களை. ஒரு தடவை அதைக் குறையாக, இன்னொரு தடவை வரமாக. ஓட்டக் கணக்கையும் அப்படியே நம்ப முடியாது. பாஸ் எறியுமுன் பிடிபட்டு விழுந்து, அதாவது சாக் ஆகி, இழந்த யார்டைக் கல்லூரியில் ஓட்டத்தில் கழிப்பார்கள், என்எஃப்எல்லில் பாஸில் கழிப்பார்கள். சாக்கே தனிக் கதை. தப்பித்துவிடலாம் என்கிற தைரியத்தில் பந்தைக் கையிலேயே வைத்திருப்பான் ஓடத் தெரிந்தவன். 2022இல் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் 1,143 யார்டு ஓடினான், 55 தடவை சாக்கும் ஆனான். இப்போது நான் அணிக்கு ஆள் தேடும் ஸ்கவுட்டாக இருந்தால் ஓட்ட வீடியோவையே தொடமாட்டேன். மூன்றாவது டவுன், அதாவது நான்கு வாய்ப்பில் மூன்றாவது, எட்டு யார்டு பாக்கி, ஆள் நெருங்குகிறான், அப்போது கண் எங்கே? அதை மட்டும் நூறு தடவை பார்ப்பேன்.

நிகிலிடம் சொன்னேன். “ஓடினா ஜெயிக்கிறோமேப்பா” என்கிறான். பதில் வரவில்லை. சுமதிக்கு வேறு பயம். முழங்காலில் அடிபட்ட குவார்ட்டர்பேக் ராபர்ட் கிரிஃபினின் கதையை ஒருநாள் உளறித் தொலைத்தேன், அன்றிலிருந்து ஆட்டம் பார்க்கவே வரமாட்டேன் என்கிறாள்.

வீடியோ அனுப்பியிருக்கிறேன். ஓட்டத்தைத் தள்ளிவிட்டு ஹெல்மெட்டைப் பார். அப்புறம் நீயே அவனுக்கு போன் போடு. நான் சொன்னால் அப்பா புலம்பல், நீ சொன்னால் கேட்பான்.

உன்,
சேகர்