எதற்கு மாத்திரை என்ற அந்த ஒரு வரியைச் சீட்டில் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்னிமலையில் கைத்தறிச் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள் நான். அம்மாவுக்கு 74 வயது. நாற்பது வருஷம் குழித்தறியில் உட்கார்ந்து போர்வை நெய்தவர். சுகர் வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. போன மாசியில் உள்ளங்கால் எரிச்சல் ஆரம்பித்தது. "தீக்கங்கு மேல நிக்கறாப்ல இருக்குது கண்ணு" என்று நடுராத்திரியில் எழுந்து, காலில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு விடியும்வரை திண்ணையில் உட்கார்ந்திருப்பார்.

வழக்கமாகப் பார்க்கிற டாக்டர் ஒரு சின்ன மாத்திரை எழுதினார். அமிட்ரிப்டிலின், 10 மில்லிகிராம், ராத்திரிக்கு ஒன்று. சாயங்காலம் மட்டும் எண்பது டோக்கன் பார்க்கிறவர். எதற்கான மாத்திரை என்று அவர் சொல்லவில்லை, எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. மருந்துக்கடைத் தம்பிதான் அட்டையைக் கத்தரித்துக்கொண்டே கேட்டான்: "அம்மாவுக்கு மனசு ஏதாச்சும் சரியில்லீங்களா? இது அதுக்குக் குடுக்கறதுங்க."

அம்மா பக்கத்திலேயே நின்றிருந்தார். வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வந்ததும், "எனக்கென்ன பைத்தியமா புடிச்சிருக்குது?" என்று அட்டையைக் குப்பையில் வீசிவிட்டார். அப்புறம் மூன்று வாரம் அதே ஈரத்துண்டு, அதே திண்ணை.

கடைத் தம்பி சொன்னது பொய்யில்லை. டாக்டர் எழுதியதும் தப்பில்லை. பெருந்துறையில் வேறொரு டாக்டர்தான் எங்களை உட்கார வைத்து விளக்கினார். அந்த மருந்துக்கு அமெரிக்காவில் 1961-இல் அனுமதி கிடைத்தது மனச்சோர்வுக்குத்தான். அதற்கு 75, 100 மில்லிகிராம் என்று கொடுப்பார்கள். அதையே 10, 25 என்று குறைத்துக் கொடுத்தால் நரம்பு வலி தணியும் என்பது பிற்பாடு தெரிந்தது. அனுமதி ஒரு நோய்க்கு, கொடுப்பது இன்னொரு நோய்க்கு. இது உலகம் முழுக்க நடக்கிறது, பல நேரம் நல்லதற்கே. மார்பகப் புற்றுநோய்க்கான லெட்ரோசோலைக் குழந்தைப்பேற்றுச் சிகிச்சைக்குக் கொடுக்கக் கூடாது என்று 2011-இல் மத்திய அரசு தடை போட்டு, 2017-இல் அதே அரசு தடையை நீக்கியதே!

ஆனால் எல்லாமே அப்படி இல்லை. அமெரிக்க டாக்டர்கள் 2001-இல் எழுதிய மருந்துகளை ஆராய்ந்து 2006-இல் ஓர் ஆய்வு வந்தது. ஐந்தில் ஒன்று இப்படி அனுமதிக்கு வெளியே எழுதியது. அதிலும் 73 சதவீதத்துக்குப் போதிய ஆதாரம் இல்லை. அதனால்தான், எதற்கு என்று கேட்கிற உரிமை நமக்கு வேண்டும் என்கிறேன்.

சரி, அம்மா மாத்திரையைப் போட ஆரம்பித்தார். பத்தே நாளில் எரிச்சல் பாதியானது, தூக்கம் வந்தது. அதன்பிறகு நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே எழுதுகிறேன். காங்கயத்தில் இருக்கும் மாமா, அம்மாவின் தம்பி, அவருக்கும் கால் எரிச்சல். "நல்லாக் கேக்குதுடா, நீயும் போட்டுப் பாரு" என்று அம்மா ஓர் அட்டையைக் கொடுத்தனுப்பிவிட்டார். மாமாவுக்குப் புராஸ்டேட் வீக்கம் இருக்கிறது. முதல் ராத்திரி ஒன்று போட்டார், அடுத்த ராத்திரி இரண்டு. மூன்றாம் நாள் காலையில் சிறுநீர் அடைத்துக்கொண்டது. அடிவயிறு கல்லாட்டம் இறுகி, காரில் வரும்போது ஒவ்வொரு பள்ளத்துக்கும் கத்தினார். டியூப் போட்டதும் ஒரு லிட்டருக்கு மேல் வந்தது. புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்கு இந்த மருந்து சிறுநீரை அடைக்கும், வயதானவர்களுக்குத் தலைசுற்றிக் கீழே விழ வைக்கும் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும்.

கொடுத்தது எங்கள் தப்புதான், மறுக்கவில்லை. ஆனால் எங்களைப் பொறுத்தவரை அது வெறும் "கால் எரிச்சல் மாத்திரை". யாருக்கு ஆகாது என்று ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

தமிழக அரசு 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வருகிற பெண், "இது சுகருக்குங்க, இது பிரசருக்குங்க" என்று ஒவ்வொரு அட்டையாக அம்மா கையில் வைத்துச் சொல்லிவிட்டுத்தான் போகிறார். அதற்கு அரை நிமிஷம்கூட ஆவதில்லை. டாக்டர்களிடம் நான் கேட்பதும் அவ்வளவுதான். மருந்தின் பேருக்குப் பக்கத்தில் தமிழில் "நரம்பு எரிச்சலுக்கு" என்று எழுதுங்கள். அட்டையிலோ கடையிலோ வேறு நோயின் பேர் வந்தால் பயப்பட வேண்டாம் என்று வாயால் சொல்லுங்கள். சிறுநீர்த் தொந்தரவு, இதயக் கோளாறு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். கடைக்காரர்களும் சந்தேகம் வந்தால் நோயாளியைக் கேட்காமல் எழுதிய டாக்டருக்கு ஒரு போன் போடட்டும்.

மாமாவுக்கு இன்னும் டியூப் எடுக்கவில்லை. அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
கைத்தறிச் சங்கக் கணக்கர் (ஓய்வு),
சென்னிமலை.