அசைன்மென்ட்டுகளுக்கு நடுவே இருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

உன் மெயிலைப் படித்தேன். இயற்பியல் கணக்குகள், வேதியியல் லேப் ரெக்கார்டு, புள்ளியியல், கணக்குப் பதிவியல், வரலாற்றுக் கட்டுரை என்று ஐந்தும் ஒரே வாரத்தில் வந்து நின்றால் யாருக்கும் மூச்சு முட்டத்தான் செய்யும். “எல்லாவற்றுக்கும் பதில் ஒரு நொடியில் கிடைக்கும்போது நான் ஏன் உட்கார்ந்து மண்டையை உடைக்க வேண்டும்?” என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி. அதனால்தான் போனில் பேசாமல் எழுதுகிறேன்.

அந்தக் கணக்கின் விடை உன் பேராசிரியருக்கு ஏற்கெனவே தெரியும். போன வருடப் பிள்ளைகளுக்கும் அதைத்தான் கொடுத்திருப்பார். நீ எந்த வரியில் தடுக்கி நிற்கிறாய் என்பதுதான் அவருக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது, எழுதிப் பார்க்கும் வரைக்கும். எனவே நான் கேட்பது ஒன்றே ஒன்று: எந்தப் பாடமானாலும் முதல் அரை மணி நேரம் நோட்டை மூடிவைத்து, போனைத் தள்ளிவைத்து, வெறும் தாளோடு உட்கார். தப்பாக வந்தாலும் பரவாயில்லை, எழுது. அப்புறம் எதை வேண்டுமானாலும் திறந்து பார்.

இதற்கு ஆதாரமும் இருக்கிறது. 2006-ல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு பாடப் பகுதியைக் கொடுத்தார்கள். சிலர் அதை மறுபடியும் வாசித்தார்கள்; சிலர் அதைப் பார்க்காமல் நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, மறுபடி வாசித்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். திரும்பத் திரும்ப வாசிக்கும்போது எல்லாம் தெரிந்துவிட்ட மாதிரியே இருக்கும். பரீட்சை அறையில் காலை வாரிவிடுவது அந்த நினைப்புதான்.

இயற்பியலில் சூத்திரத்தைத் தொடுவதற்கு முன்னால், விடை ஏறத்தாழ எவ்வளவு இருக்கும் என்று தாளின் ஓரத்தில் எழுதிவிடு. ஒரு மீட்டர் நீள ஊசல் ஒரு முறை போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும்? கண்ணை மூடி நினைத்துப் பார்த்தாலே ஓரிரு விநாடி என்று தோன்றும். கணக்குப் போட்டால் சுமார் 2 விநாடி வரும். உனக்கு 20 என்று வந்தால் எங்கேயோ பின்னம் தலைகீழாகியிருக்கிறது, அல்லது சென்டிமீட்டரும் மீட்டரும் கலந்திருக்கின்றன. இந்த ஓரக் குறிப்புக்கு யாரும் மார்க் தரமாட்டார்கள். ஆனால் இயற்பியல் பிடிபடுவது அங்கேதான் என்று நான் நம்புகிறேன்.

லேப் ரெக்கார்டு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பியூரெட் (திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் குழாய்) அளவுகள் மி.லி.யில் 24.35, 24.40, 25.10 என்று வந்தால், அந்த மூன்றாவதையும் அப்படியே எழுது. 24.40 என்று திருத்தி அழகுபடுத்தாதே. நிறம் மாறிய பிறகும் பத்துப் பதினைந்து சொட்டு விழவிட்டேன் என்று தோன்றினால் அதையும் ஒரு வரி எழுதிவிடு. சராசரிக்கு ஒத்துப்போகிற இரண்டை எடுத்தால் போதும்.

கணக்குப் பதிவியலில் இருப்பாய்வு (பற்று மொத்தமும் வரவு மொத்தமும் சமமா என்று பார்க்கும் பட்டியல்) டேலி ஆகவில்லை என்று நொந்துபோய் எழுதியிருந்தாய். வித்தியாசம் 270 என்றாய் அல்லவா? அதை 9-ஆல் வகுத்துப் பார். மீதியில்லாமல் 30 வருகிறது. அப்படி வந்தால், எங்கேயோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று முதலில் சந்தேகப்படு: 520 என்று எழுத வேண்டியதை 250 என்று எழுதியிருக்கலாம். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9-இன் மடங்காகத்தான் வரும். ஏன் என்று நீயே ஒரு முறை எழுதிப் பார், சந்தோஷமாக இருக்கும். அதிலும் அகப்படவில்லை என்றால் வித்தியாசத்தைப் பாதியாக்கு. 135 என்று ஏதாவது பதிவு இருக்கிறதா, அது பற்றில் போக வேண்டியது வரவில் போய்விட்டதா என்று தேடு. வேறு யாரோ டேலி செய்த தாளைப் பார்த்து எழுதினால் இந்தத் தேடல் உனக்குக் கடைசி வரை பழகாது.

புள்ளியியலுக்கு ஒன்று சொல்கிறேன். 1973-ல் ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் நான்கு சிறிய தரவுத் தொகுப்புகளை வெளியிட்டார். நான்கிலும் எக்ஸின் சராசரி 9, ஒய்யின் சராசரி 7.5, ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் எண்) 0.82 அளவில். இந்த எண்களை மட்டும் பார்த்தால் நான்கும் ஒன்றேதான். வரைபடம் போட்டால் ஒன்று சிதறிய நேர்கோடு, இன்னொன்று வளைவு, மூன்றாவது ஒரே ஒரு புள்ளி விலகி நிற்கும் கோடு, நான்காவதில் ஒன்றைத் தவிர எல்லாப் புள்ளிகளும் செங்குத்தாக அடுக்கி வைத்தது போல நிற்கும். சாஃப்ட்வேர் கெழுவைக் கொடுத்துவிடும். நீ முதலில் படத்தைப் போட்டுப் பார்.

வரலாற்றுக் கட்டுரைதான் எனக்கு ரொம்பக் கவலை. “முதல் உலகப்போரின் காரணங்கள்” என்பது தலைப்பு. கூட்டணிகள், ஆயுதப் போட்டி, சரயேவோவில் நடந்த ஆஸ்திரிய இளவரசர் கொலை என்று எல்லோரும் அடுக்குவதை நீயும் அடுக்கினால் படிக்கிறவருக்கும் அலுப்பு, உனக்கும் அலுப்பு. அதை ஒரு கேள்வியாக்கு. 1908-ல் போஸ்னியா நெருக்கடி வந்தது, 1911-ல் மொராக்கோ நெருக்கடி வந்தது, 1912-13-ல் பால்கன் போர்களே நடந்தன. மூன்று முறையும் பெரிய வல்லரசுகள் ஒன்றோடொன்று மோதாமல் எப்படியோ நின்றன. 1914-ல் மட்டும் ஏன் நிற்கவில்லை? இந்தக் கேள்வியோடு புத்தகங்களைத் திறந்தால் எந்தப் பக்கத்தை ஊன்றிப் படிப்பது, எதைத் தாண்டுவது என்று தன்னால் தெரியும். அப்புறம், எந்த ஆவணத்தை எடுத்தாலும் யார், எப்போது, யாருக்காக எழுதியது என்று பார். ஒரு தூதர் மேலிடத்துக்கு அனுப்பிய தந்தியும், பல வருடம் கழித்துத் தன் நினைவுக் குறிப்பில் அவரே எழுதியதும் ஒரே மாதிரி இருக்காது.

உன் ஏஐ செயலியைத் தொடவே கூடாது என்று சொல்லமாட்டேன். அந்தப் பாடத்தின் ஆசிரியர் அனுமதித்தால், உன் அரை மணி நேரம் முடிந்த பிறகு, “இந்த மூன்றாவது ஸ்டெப்பில் என்ன தப்பு?” என்று கேள். ஆனால் அது தரும் மேற்கோள் நூல் ஒவ்வொன்றையும் நூலகப் பட்டியலில் தேடிப் பார். இல்லாத புத்தகத்தை இருப்பது போலவே சொல்லிவிடும்.

மார்க்குக்கு வருகிறேன். போன கட்டுரைக்குச் ‘சி’ கொடுத்துவிட்டார்கள் என்று இன்னும் மனதில் வைத்திருக்கிறாய். 1982-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கிரெகரி வாட்சன் என்ற மாணவர் அரசியல் பாடத்துக்கு ஒரு கட்டுரை எழுதினார். 1789-ல் முன்மொழியப்பட்டு அரைகுறையாக நின்றுபோன ஓர் அரசியல் சட்டத் திருத்தத்துக்குக் காலக்கெடு கிடையாது, இப்போதும் நிறைவேற்றலாம் என்பது அவர் வாதம். கிடைத்தது ‘சி’. அவர் விடவில்லை. மாநிலச் சட்டமன்றங்களுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். 1992-ல் அது அமெரிக்க அரசியல் சட்டத்தின் 27-ஆவது திருத்தமாக நிறைவேறியது. 2017-ல் பல்கலைக்கழகம் அந்த மார்க்கை ‘ஏ’ என்று மாற்றியது. உன் கட்டுரை சட்டமாகப் போவதில்லை, தெரியும். ஆனாலும் நீ யோசித்து எழுதியது சரிதானா என்பதை அந்த ஒரு எழுத்தை வைத்து மட்டும் முடிவு கட்டிவிடாதே. ஓரத்தில் அவர் எழுதியிருக்கும் குறிப்புகளைப் படி. புரியாவிட்டால் நேரில் போய்க் கேள். அதற்காகத்தான் அவர்கள் அறைக்கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

இந்த வாரம் ஐந்தும் முழுதாக முடியாது என்றால் நாளைக்கே ஆசிரியரிடம் சொல்லி நேரம் கேள். கடைசி நாள் இரவு பதினொன்றரைக்கு மெயில் போட்டால் யாருக்கும் இரக்கம் வராது. தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, அம்மாவும் அதையே சொல்லச் சொன்னாள்.

1914-க்கு நீ என்ன பதில் வைத்திருக்கிறாய் என்று தெரிந்துகொள்ள எனக்கு நிஜமாகவே ஆவல். முதல் வரைவு முடிந்ததும், எவ்வளவு கரடுமுரடாக இருந்தாலும், எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா