ரோசா வேண்டாம், அம்மா

பேர்த், மேற்கு அவுஸ்திரேலியா,
ஜனவரி 27

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். அதுபோல் நீங்களும் அக்கா வீட்டாரும் சுகமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். உங்கள் கடிதம் பொங்கலுக்கு அடுத்த கிழமை வந்தது. போனில் கதைத்தாலும், நீங்கள் எழுதினால்தான் ஊர்ப் புதினம் முழுக்கத் தெரிகிறது. முற்றத்தில் வெள்ளம் நின்றதும் குஞ்சியம்மாவின் வாழை சரிந்ததும் வாசித்தேன். இங்கே நேரெதிர். மழையெல்லாம் மே தொடக்கம் செப்டம்பர் வரை குளிரோடு வந்து போய்விடும். இப்போது வானம் வெறுமை. நேற்று 41 பாகை.

முன்பக்கத்தில் ரோசா வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னீர்கள். ரோசா இங்கே வளராது என்றில்லை. தண்ணீரும் பசளையும் பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறவர்கள் வீட்டில் நன்றாகவே பூக்கிறது. வாடகை வீட்டுக்கு அது சரிவராது. தோட்டத்தைக் காயவிடக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. தண்ணீர்க் காசோ என் கணக்கில் வருகிறது. (சமாளிக்கிறேன், அதை யோசிக்க வேண்டாம்.) தானாகத் தெளிக்கும் குழாய்களைக் கிழமைக்கு இரண்டு நாள்தான் திறக்கலாம், அதுவும் காலை 9 மணிக்கு முன் அல்லது மாலை 6 மணிக்குப் பின். எந்த நாள் என்பது வீட்டு இலக்கத்தின் கடைசி எண்ணைப் பொறுத்தது. குளிர்காலத்தில் அடியோடு பூட்டு.

மண்ணைப் பார்த்தால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். உரும்பிராய்ச் செம்மண்ணில் பிறந்தவனுக்குச் சாம்பல் நிற மணல். கோடையில் காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளே எடுக்காது. ஊற்றினால் சேம்பிலையில் விழுந்த மாதிரி முத்து முத்தாக உருண்டு ஓடும். விரலால் கிண்டினால் கீழே வெறும் தூள். இலைதழை உக்கும்போது வரும் மெழுகு போன்ற ஒன்று மணலில் ஒட்டிக்கொள்வதால் அப்படியாம். அதற்கென்று கடையில் விற்கும் மருந்தைக் கரைத்து ஊற்றி, கூட்டெருவும் கலந்தால்தான் ஈரம் இறங்குகிறது.

இதெல்லாம் பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவர் சொன்னது. எண்பது தாண்டியவர். விடிய ஐந்தரைக்கே பெனியனோடு, ஒரு கையில் கோப்பி, மறு கையில் ஒரு நீளத் திருப்புளியோடு வெளியே வருவார். ஒவ்வொரு செடியின் அடியிலும் அதைக் குத்தி இழுத்து, நுனியில் ஈரமணல் ஒட்டியிருந்தால் அதற்கு அன்று தண்ணீர் இல்லை. 1991 பெப்ரவரி 23 அன்று 46.2 பாகை அடித்த கதையைத் தானே அடுப்பு மூட்டியது போன்ற பெருமையோடு சொல்வார். அவருடைய முற்றத்தில் புல்லே கிடையாது. கங்காருப் பாதம் என்ற செடிதான் நிறைய. மயிர் படர்ந்த சிவப்புத் தண்டு, பச்சைப் பூ. இந்த மாநிலத்தின் மலர்ச் சின்னம் அதுதான். பாங்சியா, கிரெவில்லியா என்று உள்ளூர்ச் செடிகளும் உண்டு. அவற்றுக்குக் கோழி எரு நஞ்சு. அதிலுள்ள பொஸ்பரசை அவை தாங்காது.

நான் வைத்ததெல்லாம் அநேகமாக நீங்கள் திரும்பியும் பார்க்காத சாமான்கள். வேலியோரம் கடதாசிப்பூ, தண்ணீரைக் குறைக்கக் குறைக்கப் பூக்கும். வாசலில் கத்தாழையும் பட்டிப்பூவும். செவ்வரத்தை ஆசைதான், ஆனால் அது தண்ணீருக்கு அழும். ரோஸ்மேரி என்று ஒன்று, ஊசி மாதிரிச் சின்ன இலை, வெய்யிலுக்கு மசியாது. தேமாக் கொப்பு செப்டம்பரில் கிழவர் வெட்டித் தந்தது. பால் வடிந்து முடியும்வரை நிழலில் போட்டு, வெட்டுவாய் காய்ந்து தோல் போட்ட பிறகுதான் நட்டேன். இப்போது நுனியில் இரண்டு இலை விரிந்திருக்கிறது. மற்றவற்றை முதல் மழையோடு மே மாதமே வைத்தாயிற்று. குளிருக்குள் வேர் கீழே இறங்கினால்தான் கோடையைத் தாங்கும். நீங்கள் மாரியைப் பார்த்து வேலிக்குக் கதியால் தடி நடுகிற அதே கணக்கு. மரப்பட்டைச் சீவலை நாலு விரல் தடிப்புக்குப் பரப்பி, தண்டில் முட்டாமல் விட்டிருக்கிறேன். வேலை இப்போது கொஞ்சம் ஆறுதல் என்பதால் காலையில் நேரம் கிடைக்கிறது.

முருங்கை விதையைக் கடிதத்துக்குள் வைத்து அனுப்ப வேண்டாம். விதை, மண் எது வந்தாலும் இங்கே பிடித்து விடுவார்கள். முருங்கைக்காய் விலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். தமிழ்க் கடையில் பனங்கிழங்கு ஒடியல் மா வாங்கினேன், இன்னும் உடைக்கவில்லை. கூழ் ஒரு ஆளுக்குக் காய்ச்சுகிற சாமான் இல்லையே.

காலையில் கிழக்கே வறண்ட பக்கமிருந்து வரும் காற்றில் இலையெல்லாம் முறுகிப்போகும். பின்னேரம் கடல் காற்று எழும்பினால்தான் மூச்சு வரும். அந்த நேரம் ஹோசைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். எவ்வளவு நனைத்தாலும் செம்மண் மணம் வராது அம்மா. பாத்தி நிறைந்ததும் ஐயா கிணற்றடியில் நின்று "தம்பி, தண்ணி மாறு" என்று கத்துவார், நான் வேண்டுமென்றே கேளாத மாதிரி வாழைக்குள் நிற்பேன். இப்போது ஒருதரம் அப்படிக் கூப்பிட்டால் ஓடிப் போய் மாறுவேன்.

சரி, அதை விடுங்கள். பின்வளவு வேலியை மதிலாக்க வேண்டும் என்று அத்தான் நிற்பதாக எழுதியிருந்தீர்கள். அவசரம் வேண்டாம். கதியால் போடும் சாட்டில் பின்வீட்டார் ஒரு சாண் உள்ளே வந்திருந்தால், அதே இடத்தில் மதில் கட்டுவது அந்த ஒரு சாணை எழுதிக் கொடுப்பதுதான். முதலில் நில அளவையாளரைக் கூப்பிட்டு எல்லைக்கல்லைப் பார்க்கட்டும். அந்தக் காசை அனுப்புகிறேன். மதில் கதையைச் சித்திரைக்குப் பிறகு பார்ப்போம். அதுவரை கிளுவை வேலி நிற்கட்டும்.

அக்காவின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்திய வீடு பங்குனியிலா, ஆவணியிலா? தாய்மாமன் சங்கிலி போட வேண்டும், தெரியும். ஆவணி என்றால் நானும் வரப் பார்க்கலாம். பங்குனிதான் என்றால் பெரியமாமாவை வாங்கச் சொல்லுங்கள், நான் பிறகு அவரோடு கணக்குப் பார்க்கிறேன்.

காணி உறுதி ஐயாவின் பெட்டியில் இருக்காது. 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு குஞ்சியம்மாவின் அலுமாரியில்தான் வைத்தார். எடுத்துப் போட்டோக் கொப்பி ஒன்று அனுப்புங்கள். மூலத்தை மட்டும் அத்தானின் கையில் கொடுக்க வேண்டாம். காரணம் அக்காவுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்